முடி வளரும் வரைக்கும்

அன்று கோயிலில் இருந்தவர்கள்.

மாமனார். முன்னாள் மண்டோர். தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு ஏவியவர். வீட்டிலும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர்.

அவருடைய அண்ணன். லாரி அவருடையது.

அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பல வருடம். பிள்ளை இல்லை.

என் மூத்த மகள். ஒன்றாம் வகுப்பு.

முடி இறக்க சிரம்பானிலிருந்து வந்த ஆள்.

அக்கா மடியில் என் சின்ன மகள். ஐந்து மாதம்.

நான். மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

பூசாரி இல்லை. கற்பூரம் வாங்க மறந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் லிங்கி டவுன் கடைக்குப் போயிருந்தார்.

வேண்டுதல் என்னுடையது. யாரும் சொல்லித் தரவில்லை. சின்னவள் மாதம் நிறையாமல் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியில் கை நுழைக்க ஓட்டை இருந்தது. அதன் வழியே விரலை விட்டு அவள் காலைத் தொட்டுக்கொண்டு நின்றேன். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். இடுப்புவரை முடி இருந்தது. பிழைக்க வை, முடியைத் தருகிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் சொன்னேன். பிழைத்தாள். அதனால் திருவிழாவன்று உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் வயிற்றில் இருக்கும்போதே மாமனார் ஒரு வார்த்தை போட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இது பொறந்தா பெரியவனுக்குக் குடுத்துருங்க. ஒங்களுக்குத்தான் ஒன்னு இருக்கே. வெளியிலயா போவுது? நம்ம ஊட்டுக்குள்ளதான."

எங்களில் இது நடப்பதுதான். வீட்டுக்காரரின் சொந்தத்திலேயே அப்படி வளர்ந்தவர்கள் உண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. வீட்டுக்காரர் தன் தட்டைப் பார்த்தார். நான் ரசம் ஊற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள்.

என்ன சொல்வது? லாரி அண்ணனுடையது. நாங்கள் இருக்கும் வீடும், அண்ணன் குலை ஏற்றும் காண்ட்ராக்ட் எடுத்திருப்பதால் தோட்டம் விட்டுக் கொடுத்தது. அவர் வேண்டாம் என்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பிறந்த பிறகு ஆஸ்பத்திரி, பெட்டி என்று அந்தப் பேச்சு அடங்கிக் கிடந்தது. அடங்கியதே தவிரப் போகவில்லை.

முடி இறக்கிய ஆளுக்கு நல்ல கை. தண்ணீர் தெளித்தார், வழித்தார். வெட்டிய முடி மடியில் விழுந்தது. பூனை ஏறி உட்கார்ந்த மாதிரி கனமாக இருந்தது. பிறகு தலையில் காற்று பட்டது. குளித்துவிட்டு வந்தேன். சந்தனம் பூசினார்கள். பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன்.

என்னைப் பார்த்தாள். முதலில் சும்மா பார்த்தாள். கீழ் உதடு மெல்ல இறங்கியது. அப்புறம் அலறினாள்.

"யாருடா இந்த மொட்டச் சாமின்னு பாக்குறா!" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தூக்கினேன். முதுகை வளைத்துப் பின்னால் சாய்ந்து கத்தினாள். அக்கா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அடங்கிவிட்டாள். அக்கா கழுத்தில் முகத்தைத் தேய்த்தாள். அக்காவுக்கும் என்னைப் போல நீள முடி. நடு வகிடு. எண்ணெய் தடவி, காது மறைய இழுத்துப் பின்னல். நானும் அப்படித்தான் போடுவேன்.

மூத்தவள் மட்டும் என்னிடம் வந்தாள். குனியச் சொல்லித் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, சந்தனம் ஒட்டுது."

"என்னை அடையாளம் தெரியுதா?"

"தெரியும்லா. மூஞ்சி அதே மூஞ்சிதான. முடிதான் இல்ல."

"பாப்பாவுக்குத் தெரியலியே."

"அது சின்னப் புள்ளமா. அதுக்குப் பாக்கத் தெரியாது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் மோட்டார் பின்னால் ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டு நாயே குரைத்தது. கிட்டே வந்து பாதத்தை மோந்தது, வாலை ஆட்டியது. நாய்க்கு மூக்கு போதும். உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே யாரோ மாதிரிதான் இருந்தது. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஒரு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பால் கொடுக்கப் படுத்தால் வாய் வைப்பாள். நாலு வாய் குடிப்பாள். கண்ணை உயர்த்தி என்னைப் பார்ப்பாள். பார்த்ததும் விட்டுவிட்டு அழுவாள். மத்தியானத்தில் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, இருட்டாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். குடித்தாள். இருட்டில் நான் அம்மாதான். வெளிச்சத்தில் இல்லை. தகர வீடு. ஜன்னலைச் சாத்தினால் வெந்துபோகும். இரண்டு பேரும் வேர்த்து ஊற்றிக் கிடந்தோம்.

கறுப்புத் துண்டைத் தலையில் கட்டிப் பார்த்தேன். இன்னும் மோசம்.

"விக்கு வாங்கலாமா? பீடில ஒரு கட இருக்கு," என்றார் வீட்டுக்காரர். போர்டிக்சனை நாங்கள் பீடி என்போம். விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. நான் பார்த்த பார்வையில் வெளியே போய் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனும் அக்காவும் திருவிழா முடிகிறவரை எங்கள் வீட்டில் தங்கினார்கள். பிள்ளை அக்கா கையிலேயே இருந்தாள். அக்கா கெட்டவள் இல்லை. இரண்டு முறை தங்கிக் கலைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நிற்கவில்லை. அவள் வாய் ஓயாமல் பேசுவாள். குளிப்பாட்டும்போது பேசுவாள், துணி மடிக்கும்போது பேசுவாள். "யாரு வந்தா? காக்கா வந்துச்சா? காக்காவுக்கு என்னா வேணுமாம்?" பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டு கிடக்கும். எனக்கு அப்படிப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

கிளம்புகிற அன்று காலை மாமனார் சொன்னார். கூடத்தில் எல்லாரும் இருந்தோம்.

"ஆத்தா முடிய வாங்கிக்கிட்டா. புள்ளைக்கு யாரு கைன்னும் காட்டிட்டா. நான் சொல்லல, அவ சொல்றா."

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அப்பா, அப்படில்லாம் இல்ல. முடி வளர்ற வரைக்கும் எங்க ஊட்ல இருக்கட்டும். புள்ள பயந்து பயந்து பால் குடிக்காம இளைச்சிப் போவுது. முடி வளந்ததும் கொண்டாந்து உட்டுர்றோம். அவ்வளவுதான்."

நியாயமாக இருந்தது. அதுதான் கஷ்டம். கத்திச் சண்டை போடலாம் என்றால் யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை இளைத்தது உண்மை. என்னைப் பார்த்து அழுவது உண்மை. முடி வளரும் என்பதும் உண்மை. முடியை நேர்ந்தது நான்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்து, "கொஞ்ச நாள்தான," என்றார்.

"வாரா வாரம் வாடி," என்றாள் அக்கா. "ஞாயித்துக்கெழம ஆட்டுக்கறி ஆக்குறேன்."

துணியை மடித்துப் பையில் வைத்தேன். நானேதான் வைத்தேன். கார் செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் போனது. தூசி அடங்குகிறவரை மூத்தவள் கை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் வேலை இல்லை. காலையில் சமைத்து முடித்தால் வெறும் வீடு. சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். வேலைக்குப் போகலாம் என்றால், "புள்ளக்காரி எதுக்கு வேலைக்குப் போவணும்?" என்றார் மாமனார். பிள்ளை எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது. தினமும் காலையில் தலையைத் தடவிப் பார்ப்பேன். மண்ணில் புல் முளைக்கிற மாதிரி குத்தும். நேற்றும் அவ்வளவுதான் இருந்தது, இன்றும் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பீடியில் அண்ணன் வீட்டுக்குப் போனோம். பெரிய சோபா இருக்கும் வீடு. கூடத்தில் ஸ்பிரிங் தொட்டில் தொங்கியது. புதுசு இல்லை. ஸ்பிரிங்கில் லேசாகத் துரு. எப்போதோ வாங்கி வைத்தது என்று பார்த்ததும் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அக்கா சொல்லவில்லை. பிள்ளை என்னைப் பார்த்து அழுதாள். கறி நன்றாக இருந்தது.

பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. கிளினிக்குக்குப் போனேன். அங்கே நர்ஸ் வேலையில் ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள். சின்னப் பெண். தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குடிக்கலியாக்கா? எங்க புள்ள?" என்றாள்.

சொன்னேன். நாலைந்து வார்த்தையில் முடித்துவிட்டேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"முடி வளந்ததும் கொண்டாந்து உடுவாங்கன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"ஒங்க முடி முன்ன மாதிரி வர எவ்ளோ நாளாவும்?"

"இடுப்புவரைக்குமா? பல வருசம்."

"காது மறையவே எவ்ளோ நாளாவும்க்கா! புள்ள அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவள் தன் முகத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். குழந்தை முதலில் இந்த ஓரத்தைத்தான் பிடித்துக்கொள்ளுமாம். முடி தொடங்குகிற கோடு, தலையின் வடிவம். கறுப்புக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் எல்லை. அதுதான் எடுப்பாகத் தெரியுமாம். கண், மூக்கு, வாய் எல்லாம் சேர்ந்து இன்னார் என்று ஆவது பிறகு. பார்த்துப் பார்த்துத்தான் வருமாம். அதுவும் தினம் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முகத்தை வைத்துத்தான் பழகுமாம்.

"இப்பதான் அது உள்ள பாக்கக் கத்துக்கிற நேரம். இப்ப யாரு மூஞ்சி எதிர்க்க இருக்கு? அந்தக்கா மூஞ்சிதான? இன்னும் ரெண்டு மூனு மாசம் போனா புது ஆளக் கண்டாலே அழுவும். அப்ப ஒங்களுக்கு முடி இருந்தாலும் அழுவும். ஏன்னா நீங்கதான் புது ஆளு."

என் மூத்தவள் ஐஸ்கிரீமுக்கு ஓடுவதற்கு முன் சொன்னதும் இதுதான். பாக்கத் தெரியாது. தெரியாது என்றால் கற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"என்னா செய்யணும்?" என்றேன்.

"மொட்டையோடவே போயி எதிர்க்க நில்லுங்க. அழட்டும். பேசிக்கிட்டே இருங்க. ஒங்க கொரல் வயித்துக்குள்ளேர்ந்தே அதுக்குத் தெரியும். கொரலும் மூஞ்சியும் ஒன்னா வந்தா சேத்துக்கும்."

"எனக்குப் பேச வராது."

"என்னாச்சும் பேசுங்கக்கா. பேச்சா முக்கியம்?"

மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். பிள்ளையைக் கூட்டி வரவேண்டும், இப்போதே. அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடி வரட்டும்னுதான பேச்சு?"

"முடி வரதுக்குள்ள புள்ள போயிரும்."

"அங்க போயி என்னான்னு சொல்றது? குடுத்துட்டு வாங்குனா அண்ணன் என்னா நெனைப்பாரு? அண்ணி தாங்குமா?" குழாயை மூடினார். பிறகு மெதுவாக, "லாரி யாருதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். அவரும் என்னைப் போலத்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கதவு அந்த லாரிக் கதவு ஒன்றுதான்.

மறுநாள் மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பினேன். பையை எடுத்தேன். துண்டு கட்டவில்லை. வாசலில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"எங்கமா?"

"பீடிக்கி."

"எதுக்கு?"

"புள்ளையப் பாக்க."

"ஞாயித்துக்கெழம போவலாம்ல?"

நான் செருப்பு மாட்டிக்கொண்டேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். பெரிய ரோடுவரை நடந்து பஸ் பிடித்தேன்.

அக்கா வீட்டு இரும்புக் கேட் திறந்திருந்தது. பிள்ளை அக்கா மடியில் இருந்தாள். கன்னம் தேறியிருந்தது. அக்கா முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயைக் குவித்தால் இவளும் குவிப்பாள். வாசலிலேயே நின்று பார்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். பிள்ளையை என் பக்கம் திருப்பினாள்.

"யாரு வந்துருக்கா பாரு! அம்மாகிட்ட சொல்லு. சித்தி வந்துருக்கா!"

சொல்லிவிட்டு பிள்ளையோடு எழுந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"சும்மா வாயில வந்துருச்சுடி," என்றாள்.

"புள்ளையக் குடுக்கா."

"வா, ஒக்காரு. தேத்தண்ணி கலக்குறேன்."

"வேணாம். ஊட்டுக்குக் கொண்டு போறேன்."

"இப்பவா? முடி இன்னும் வரலியேடி."

"அது மெதுவாத்தான் வரும்."

"அவரு வரட்டும். ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"நான்தான் பெத்தேன்கா. கேக்கறதுக்கு ஒன்னும் இல்ல."

அவ்வளவு நீளமாக அவளிடம் நான் பேசியதில்லை. அக்காவின் கை பிள்ளையின் சட்டையைப் பிடித்திருந்தது. பிள்ளை என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையே போதும், அக்கா கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விரலை ஒவ்வொன்றாக விட்டாள்.

தூக்கிக்கொண்டு நடந்தேன். பிள்ளை அவள் பக்கம் கையை நீட்டி அலறினாள். கேட் தாண்டியதும் பின்னால் ஓடி வந்தாள் அக்கா. செருப்புப் போடவில்லை. கையில் பால் போத்தல்.

"வழியில அழுவா. இதக் குடு. சூடு சரியா இருக்கு."

வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பஸ்ஸில் பாதிக் கூட்டம். பிள்ளை நிறுத்தவில்லை. முகம் கறுத்து, மூச்சு இழுத்து இழுத்துக் கத்தினாள். போத்தலைத் தட்டிவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். முன் சீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் வைத்துக்கொள்ளவா என்று மலாயில் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எதிர்ப் பக்கத்தில் ஒரு தமிழ் ஆள். வயதானவர்.

"யாரு புள்ளம்மா இது?"

"என்னுது."

"ஒங்கிட்ட அண்டவே மாட்டேங்குதே?"

அவர் பார்வை என் தலைக்குப் போனது. மொட்டைத் தலை, கத்தும் பிள்ளை, மாற்றுத் துணிகூட இல்லாத பை. அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்தது. கைப்பேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இறங்கிவிடலாமா என்று தோன்றியது. எங்கே இறங்குவது? பின்னால் அக்கா வீடு. முன்னால் மாமனார். இரண்டுக்கும் நடுவில் செம்பனை.

பிள்ளையை மடியில் நிமிர்த்தி, என்னைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பேச வேண்டும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பாட்டுத் தெரியாது. காக்கா வந்துச்சா என்று கேட்கத் தெரியாது. கண்ணே என்று கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கரண்டுக் கம்பம் ஒன்று போனது.

"ஒன்னு," என்றேன்.

அடுத்தது வந்தது. "ரெண்டு."

பெரியவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. கம்பம் வர வர எண்ணினேன். பிள்ளை காதில் விழ வேண்டுமே என்று சத்தமாகவே எண்ணினேன். முப்பது, நாற்பது. கத்தினாள். ஐம்பது. கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர். நின்று மறுபடி அடித்தது. அண்ணன். பைக்குள் போட்டேன். விட்டுப்போன கம்பங்களைக் குத்துமதிப்பாகச் சேர்த்துக்கொண்டு மேலே போனேன். தொண்டை வறண்டது. நூறு தாண்டியது. என் குரலை அவ்வளவு நேரம் நானே கேட்டதில்லை.

நூற்றைம்பதுக்கு அப்புறம் அழுகை விம்மலாகியது. நடுவில் நடுவில் நின்றது. நிற்கும்போது கேட்கிறாள் என்று தெரிந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவள் தொடங்கினாள். அதனால் நிறுத்தவில்லை.

இருநூறு தாண்டியதும் கண்ணைத் திறந்தாள். முதலில் தலையைப் பார்த்தாள். மேலே, முடி இருக்க வேண்டிய இடத்தில் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. உதடு இறங்கியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பார்வை நெற்றியில் இறங்கியது. கண்ணுக்கு வந்தது. ஒரு கண், இன்னொரு கண். அப்புறம் வாய். வாய் அசைவதைப் பார்த்தாள். திரும்பக் கண்ணுக்குப் போனாள். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பார்த்தாள்.

இருநூற்றுப் பதினேழு.